நாம கிளம்பும்போது

எங்க அண்ணி எறும்பைக்கூட மிதிக்க மாட்டாங்க. தரையில எறும்பு வரிசை போச்சுன்னா காலைத் தூக்கித் தாண்டிட்டு, பின்னாடி வர்றவங்களையும் "பார்த்து வாங்க"ன்னு எச்சரிக்கிற ஆளு. அப்படிப்பட்ட மனுஷி, பெயிண்ட் கடை முதலாளி ஒருத்தரைத் தலையணையை வச்சு அமுக்கிக் கொன்னாங்க. அது ஒரு நாவலுக்குள்ள. நாவல் பேரு 'பூட்டிய பிறகு'. டிவியில அதைத் தொடரா எடுத்தப்போ 'சிவப்பு வாசல்'னு பேரை மாத்திட்டாங்க. கதையில எந்த வாசலும் சிவப்பு இல்ல. நான் அப்பவே கேட்டேன், யாரும் பதில் சொல்லல.

நான் அவங்க நாத்தனார். டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிறது என் வேலை. நாள் முழுக்க பக்கத்து சீட்டுல உக்காந்து, பிரேக் மேல காலை வச்சுக்கிட்டு "கிளட்ச், கிளட்ச்"னு கத்திக் கத்தி என் குரல் இப்படி ஆயிடுச்சு. எனக்குக் கோபம் வந்தா தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் கேக்கும். அண்ணிக்குக் கோபம் வந்தா அவங்களுக்கே கேக்காது. அதனாலதான் அவங்க கதையை நான் சொல்ல வேண்டியதா இருக்கு. நடுவுல கொஞ்சம் பெருமை அடிச்சுக்குவேன், பொறுத்துக்கோங்க.

அண்ணிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில வேலை. உள்ள நுழைஞ்சதும் நேர் எதிர்ல ஒரு மேஜை, அதுக்கு முன்னாடி கண்ணாடித் தடுப்பு, கண்ணாடியில அரைவட்டமா ஒரு ஓட்டை, தலைக்கு மேல 'விசாரணை'ன்னு பலகை. எக்ஸ்ரே எந்தப் பக்கம், ரத்தம் எங்க கொடுக்கணும், எலும்பு டாக்டர் வந்தாச்சா, நேத்து சேர்த்தவரு எந்த மாடியில இருக்காருன்னு எல்லாத்துக்கும் ஜனங்க அந்த ஓட்டை முன்னாடிதான் குனியணும். பலகையில விசாரணைன்னு இருக்கே தவிர, கேள்வி கேக்குறது பூரா எதிர்ல நிக்கிறவங்கதான். நர்ஸுங்க எல்லாரும் அண்ணியை 'விசாரணை அக்கா'ன்னுதான் கூப்பிடுவாங்க. கொலைக் கேஸ் எழுத உக்காரும் முன்னாடியே அந்தப் பேரு வந்தாச்சு.

அந்த ஓட்டை வழியா எதிர்ல இருக்கிறவங்க முகம் பாதிதான் தெரியும். பேச்சு மட்டும்தான் முழுசா வரும். அதுலயே இருந்து இருந்து அண்ணிக்குக் காது தீட்டின கத்தி மாதிரி ஆயிடுச்சு. ஒரு நாள் சாப்பிடும்போது எனக்கு விளக்கினாங்க.

"ஒரு நோயாளியோட நாலு பேர் வருவாங்க. யார் சொந்தம், யார் பக்கத்து வீடு, யார் வழியில பார்த்துத் தூக்கிட்டு வந்தவங்கன்னு நான் கேக்கவே மாட்டேன். பேச்சுலயே தெரிஞ்சுடும். மருமகள் என்கிட்ட, 'நாங்க நேத்தே டாக்டரைப் பார்த்தோம்'னு சொல்லுவா. நாங்கன்னா அவங்க ஆளுங்க மட்டும், நான் அதுல இல்ல. அதே மருமகள் மாமியார் பக்கம் திரும்பி, 'நாம நேத்தே பார்த்தோமே அத்தை'ம்பா. நாமன்னா கேட்டுக்கிட்டு இருக்கிறவங்களும் சேர்த்தி. எவ்வளவு அழுகையில இருந்தாலும் இதை யாரும் மாத்திச் சொல்ல மாட்டாங்க. நல்லா பொய் சொல்லத் தெரிஞ்சவங்களுக்குக்கூட இதுல பொய் சொல்ல வராது."

"இதெல்லாம் ஒரு விஷயமா அண்ணி, குழம்பை இப்படித் தள்ளுங்க"ன்னு சொன்னேன் நான். இதை வச்சு ஒரு நாவலே எழுதப் போறாங்கன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

எழுதினது எல்லாம் பஸ்லதான். வேலைக்குப் போறப்ப ஒரு தடவை, வர்றப்ப ஒரு தடவை, போன்ல ரெண்டு கட்டை விரலால தட்டித் தட்டி. பார்க்கிறவங்களுக்கு யாருக்கோ மெசேஜ் அனுப்புற மாதிரி இருக்கும். ஒரு தடவை கண்டக்டர் சிரிச்சுக்கிட்டே, "என்னம்மா தினமும் இவ்வளவு நீளமா, வீட்டுக்காரரோட சண்டையா?"ன்னு கேட்டிருக்காரு. அண்ணி தலையைத் தூக்காம, "இல்லைங்க, ஒரு கொலை. இன்னும் முடியல"ன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் அந்த மனுஷன் அண்ணி சீட்டுப் பக்கம் டிக்கெட் கேட்டுக்கூட வரலையாம்.

கதை இதுதான். பெயிண்ட் கடை முதலாளி வீட்டுல படுத்தபடியே செத்துக் கிடக்காரு. மனைவி சாயங்காலமே மகளைக் கூட்டிக்கிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன்னு சொல்றா. வழக்கமா பார்க்கிற குடும்ப டாக்டர், அன்னிக்கு அந்த வீட்டுப் பக்கமே வரலைன்னு சத்தியம் பண்றாரு. ரெண்டு பேர் சொல்றதுலயும் ஊசி நுழைய இடமில்ல. விசாரிக்கிறது ஒரு பெண் இன்ஸ்பெக்டர். கதை முழுக்க அவளுக்கு ஜலதோஷம், மூக்கைச் சிந்திக்கிட்டே இருப்பா, செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருப்பா. ஒரு நாள் மனைவியையும் டாக்டரையும் ஸ்டேஷன்ல ஒண்ணா உக்கார வைக்கிறா. மனைவி அழுதுக்கிட்டே டாக்டர் பக்கம் திரும்பி, "நாம கிளம்பும்போது அவர் நல்லாத் தூங்கிட்டுத்தான் இருந்தாரு டாக்டர், அதுக்குள்ள எப்படி இப்படி?"ன்னு கேக்குறா. இன்ஸ்பெக்டர் ஒரு தும்மல் போட்டு, மூக்கைத் துடைச்சுக்கிட்டு, மெதுவா கேப்பா: "நாமன்னா யார் யார்மா?"

அவ்வளவுதான். அத்தியாயம் முடிஞ்சுது. அவ 'நாங்க'ன்னு சொல்லியிருந்தா அவளும் மகளும்னு ஆகியிருக்கும், தப்பிச்சிருப்பா. டாக்டர் மூஞ்சியைப் பார்த்து 'நாம'ன்னுட்டா. அந்த ஆளும் கூட இருந்திருக்கான். எனக்குப் படிச்சப்போ முதுகுல சிலிர்த்துப் போச்சு. குழம்பைத் தள்ளச் சொல்லி அன்னிக்கு நான் அண்ணி வாயை அடைச்ச விஷயம் இதுதான்னு அப்போதான் உறைச்சுது.

ஒரு சின்னப் பதிப்பகம் புத்தகமா போட்டாங்க. ஆஹா ஓஹோன்னு எல்லாம் விக்கல. ஆஸ்பத்திரியில டாக்டருங்க கொஞ்சம் பேர் வாங்கினாங்க, அதுலயும் கொலை பண்றது டாக்டர்னு தெரிஞ்சதும் ரெண்டு பேர் அண்ணிகிட்ட முகம் கொடுத்துப் பேசல. எங்க வீட்டுலதான் பெரிய மாற்றம். எங்க அம்மா படிச்சு முடிச்ச நாள்ல இருந்து வாயைத் திறக்கவே யோசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. மருமகளை ஒதுக்கி ஒரு 'நாங்க' வந்துடக்கூடாதேன்னு பயம். எதுக்கெடுத்தாலும் நாம. "ஏம்மா, நாம குளிச்சுட்டு வந்துடறோம், அடுப்பைப் பார்த்துக்கோ"ன்னு சொல்லிட்டு அவங்க மட்டும் குளிக்கப் போவாங்க. எங்க அண்ணன் சிரிப்பை அடக்க முடியாம பேப்பருக்குள்ள முகத்தைப் புதைச்சுக்குவான்.

இப்படி இருக்கும்போதுதான் டிவியில இருந்து கேட்டு வந்தாங்க. டைரக்டர் நல்ல மனுஷன், அதை நான் மறைக்க மாட்டேன். புத்தகத்தை வரிக்கு வரி படிச்சிருந்தாரு. எங்க வீட்டுக் கூடத்துல உக்காந்து ரெண்டு டம்ளர் காபி குடிச்சாரு, அம்மாகிட்ட நலம் விசாரிச்சாரு, அப்புறம் விஷயத்துக்கு வந்தாரு.

"மேடம், அந்த 'நாமன்னா யார் யார்மா' இருக்கே, படிக்கும்போது பிரமாதம். வாசகர் அந்த இடத்துல நின்னு, பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்குவாரு. டிவியில நிக்க முடியாது, ஓடிக்கிட்டே இருக்கும். வீட்டுல இருக்கிறவங்க வெங்காயம் நறுக்கிக்கிட்டே பார்ப்பாங்க, பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே பார்ப்பாங்க. ஒரு வார்த்தை எப்படி மேடம் காதுல விழும்? கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஏதாவது வேணும். எதிர்வீட்டு கேமராவுல டாக்டர் கார் பதிவாகியிருக்குன்னு வச்சுக்கலாம்."

அண்ணி மெதுவா, "விழும்னு நினைக்கிறேன் சார்"னாங்க.

"படிக்கிறவங்களுக்கே பாதிப் பேருக்குத்தான் பிடிபடும் மேடம். நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க. இது காகிதத்துக்குன்னே பிறந்த துப்பு."

எனக்கு மூக்கு நுனி வரைக்கும் கோபம். வாயைத் திறந்தேன், அண்ணி என் காலை மேஜைக்கு அடியில மிதிச்சாங்க. எறும்பை மிதிக்காதவங்க என்னை மட்டும் மிதிப்பாங்க. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாங்க.

டைரக்டர் போனதும் நான் ஆடின ஆட்டத்தை விடுங்க. விஷயம் அது இல்ல. அன்னிக்கு அப்புறம் அண்ணி எழுதறதை நிறுத்திட்டாங்க. அடுத்த கதைக்கு என்னென்னவோ யோசிச்சு வச்சிருந்தாங்க, எல்லாத்தையும் போன்ல இருந்து அழிச்சுட்டாங்க. பஸ்ல ஜன்னலுக்கு வெளிய பார்த்துக்கிட்டு வர்றாங்கன்னு அண்ணன் சொன்னான். நான் விடாம நச்சரிச்சேன். ஒரு நாள் துணி மடிச்சுக்கிட்டே சொன்னாங்க.

"அவர் சொன்னதுல தப்பு இல்லம்மா. என்கிட்ட இருக்கிறது இந்த ஒரு காதுதான். ஜனங்க பேசுறதை வச்சுத்தான் எனக்கு எழுத வரும். கத்தி, துப்பாக்கி, கார் துரத்தல் எல்லாம் எனக்குத் தெரியாது. நான் கேக்குறதை மத்தவங்களும் கேக்குறாங்கன்னு நம்பித்தான் எழுதினேன். அது எனக்கு மட்டும் இருக்கிற கிறுக்குன்னா, அப்புறம் யாருக்கு எழுதறது?"

அழுதிருந்தாக்கூட நான் சமாதானம் சொல்லியிருப்பேன். அழல. தலையணை உறையை நாலா மடிச்சு அடுக்கிட்டு உள்ள போயிட்டாங்க. இந்தப் பொம்பளை எழுதலைன்னா எங்க வீட்டுல என்ன இருக்கு? ஒரு டிரைவிங் ஸ்கூல் கத்தல், ஒரு நியூஸ் பேப்பர், ஒரு சீரியல். அவங்களாலதான் எங்க தெருவுல எங்க வீட்டுக்கு 'எழுத்தாளர் வீடு'ன்னு பேரு. அந்தப் பேரு போனாலும் போகட்டும், அண்ணி முகத்துல இருந்த அந்த வெளிச்சம் போனதைத்தான் என்னால தாங்க முடியல.

தொடர் ஆரம்பிச்சுது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாரம் ஒரு பகுதி. முதல் பகுதியில 'கதை'ன்னு போட்டு அண்ணி பேரு வந்தப்போ எங்க அண்ணன் எழுந்து நின்னுட்டான், தேசிய கீதத்துக்கு நிக்கிற மாதிரி. அம்மா, பேரைப் படிக்கிறதுக்குள்ள மறைஞ்சுடுச்சுன்னு டிவிக்காரங்களைத் திட்டினாங்க.

சும்மா சொல்லக்கூடாது, சில இடம் நல்லா எடுத்திருந்தாங்க. ஆனா இன்ஸ்பெக்டர் இருக்காளே, அவளுக்கு ஜலதோஷம் போய் கறுப்புக் கண்ணாடி வந்துடுச்சு. வீட்டுக்குள்ளயும் கழட்டல, மழையிலயும் கழட்டல. பிணத்தைப் பார்க்கிறப்பவாவது கழட்டுவாளான்னு பார்த்தேன், ம்ஹூம். நடந்து வந்தா காத்தே இல்லாத இடத்துல முடி பறக்குது. ஊக்கு குத்தின செருப்பு எங்க போச்சோ, குதிகால் செருப்புல டக்கு டக்குன்னு வர்றா. நான் பொருமித் தள்ளிட்டேன். அண்ணி மட்டும், "பார்க்க நல்லாத்தான் இருக்கா, விடு"ன்னாங்க.

மூணாவது பகுதியில அந்த ஸ்டேஷன் காட்சி வந்துச்சு. இன்ஸ்பெக்டரோட கேள்வியை வெட்டிட்டாங்கன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். ஆனா மனைவியோட வசனத்தை யாரும் தொடல. அழுகையோட அழுகையா அது அப்படியே வருது. "நாம கிளம்பும்போது அவர் நல்லாத் தூங்கிட்டுத்தான் இருந்தாரு டாக்டர்." உடனே டமால்னு ஒரு மியூசிக், கண்ணாடிக்காரி எழுந்து நடக்குறா, விளம்பரம். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் நடக்கல. நான் அண்ணியைப் பார்த்தேன். டிவியைப் பார்க்காம தன் கையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"போயிடுச்சு"ன்னாங்க. "அவர் சொன்ன மாதிரியேதான். காத்துல போயிடுச்சு."

மறுநாள் காலையில புதுசா கத்துக்கிற ஒரு பொண்ணை ஓட்ட வச்சு, நான் அண்ணியை ஸ்கூல் கார்லயே ஆஸ்பத்திரியில இறக்கி விட்டேன். சாப்பாட்டு டப்பாவைக் கார்லயே விட்டுட்டுப் போயிட்டாங்க. எழுதறதை விட்டதுல இருந்து எல்லாத்துலயும் இப்படித்தான் மறதி. டப்பாவைத் தூக்கிக்கிட்டு நான் உள்ள போறேன், எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்கிறவங்க வரிசையா நாற்காலியில உக்காந்திருக்காங்க. விசாரணை மேஜைக்குப் பக்கத்துலயே முதல் நாற்காலியில ஒரு அம்மா, கைக்கட்டுப் போட்ட மாமியாரோட. பக்கத்துல இருக்கிறவகிட்ட சத்தமா பேசிக்கிட்டு இருந்தாங்க.

"நேத்து பார்த்தீங்களா? அவளும் அந்த டாக்டரும் கூட்டுக் களவாணிங்க."

"அய்யோ, எப்படிச் சொல்றீங்க? இன்னும் அஞ்சு வாரம் இருக்கே. எனக்கு அந்தக் கடை மேனேஜர் மேலதான் சந்தேகம்."

"மேனேஜரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. டாக்டரைப் பார்த்து 'நாம கிளம்பும்போது'ன்னு சொல்றா. அந்த ஆளு வீட்டுப் பக்கமே வரலைன்னு போன வாரம் சொன்னான். வராதவனோட சேர்ந்து இவ எப்படிக் கிளம்புவா? மகளோட கிளம்பினா 'நாங்க'ன்னுதானே வாயில வரணும்? நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன், டிவியைப் பார்க்கக்கூட இல்ல. காதுல விழுந்ததும் சோப்புக் கையோட ஓடி வந்து என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், மாட்டிக்கிட்டா பாருங்கன்னு."

கைக்கட்டு மாமியார், "நான் அப்பவே சொன்னேன், இவதான் கேக்கல"ன்னு நடுவுல புகுந்தாங்க. யார் முதல்ல சொன்னதுன்னு மாமியாருக்கும் மருமகளுக்கும் அங்கேயே ஒரு சண்டை ஆரம்பிச்சுது.

நான் கண்ணாடி ஓட்டையைப் பார்த்தேன். ஒரு பெரியவர் குனிஞ்சு நின்னு, ரத்தம் எங்க கொடுக்கணும்னு கேக்குறாரு. அண்ணி கையில பேனா அப்படியே நிக்குது. அவர் ரெண்டாம் தடவை கேட்டாரு. "ரெண்டாவது மாடி, எலும்பு டாக்டர் பக்கத்துல"ன்னாங்க. அது கண் டாக்டர் இருக்கிற மாடி. இத்தனை வருஷத்துல அண்ணி தப்பான வழி சொல்லி நான் கேட்டதே இல்ல. பெரியவரை நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்தேன். அந்த அம்மாகிட்ட ஓடிப்போய், இதை எழுதினது இதோ இவங்கதான்னு கத்தணும்போல இருந்துச்சு எனக்கு. அண்ணி ஓட்டை வழியா ஒரு பார்வை பார்த்தாங்க. டப்பாவைக் கொடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன். கார்ல உக்காந்துதான் அழுதேன். பக்கத்துல இருந்த அந்தப் பொண்ணு, தான் கிளட்சைச் சரியா விடாததாலதான் நான் அழுறேன்னு நினைச்சு மன்னிப்புக் கேட்டா.

அதோட நிக்கல. அந்த வாரம் முழுக்க ஊர் வாயில அதுதான். மருந்துக்கடையில பேசுறாங்க. என் ஸ்கூல்ல கத்துக்க வர்ற பொண்ணுங்க சிக்னல்ல நிக்கும்போது பேசுறாங்க. டிவிக்காரங்களோட இணையப் பக்கத்துல ஜனங்க போட்டி போட்டு எழுதுறாங்க, 'நாமன்னு சொன்னதை எத்தனை பேர் கவனிச்சீங்க'ன்னு. கவனிக்காதவங்க திரும்பப் போட்டுப் பார்த்துட்டு வந்து, ஆமாங்கன்னு எழுதுறாங்க. எங்க அம்மாவுக்குப் பெருமை தாங்கல. காய்கறிக் கடையில நின்னுக்கிட்டு, "இதெல்லாம் என் மருமக எங்க வீட்டுல பேசுறதைக் கேட்டே கத்துக்கிட்டது"ன்னு ஒரு பொய்யை அவிழ்த்து விட்டாங்க.

டைரக்டர் போன் பண்ணினாரு. பூசி மெழுகல. "மேடம், நான் ஜனங்களைக் குறைச்சு எடை போட்டுட்டேன். அந்தக் கேள்வியைப் படம் பிடிச்சுத்தான் வச்சிருந்தோம், வெட்டினது நான்தான். கடைசிப் பகுதியில அதைச் சேர்க்கிறேன். கேமராவும் இருக்கும், உங்க கேள்வியும் இருக்கும். சரியா?"

"ரெண்டும் இருக்கட்டும் சார்"னாங்க அண்ணி. வேற யாராவது இருந்தா ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருப்பாங்க. நானா இருந்தா ஒம்பது வார்த்தை.

நான் ஆசை ஆசையா காத்திருந்தேன், இனிமே எழுத உக்காந்துடுவாங்கன்னு. ஒண்ணும் நடக்கல. கேட்டா, "பார்க்கலாம்"னுட்டாங்க. அந்தப் 'பார்க்கலாம்' இருக்கே, எங்க அண்ணன் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறதைப் பத்தி வருஷக்கணக்கா சொல்ற அதே பார்க்கலாம். ஒரு தடவை அடி வாங்கின கை பயப்படத்தானே செய்யும்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். ஆனாலும் ஆத்தாமை.

கடைசிப் பகுதி முடிஞ்ச வாரம், அதே சேனல்ல 'புத்தகமா, தொடரா?'ன்னு ஒரு நிகழ்ச்சி வச்சாங்க. ஒரு பக்கம் அண்ணி, ஒரு பக்கம் டைரக்டர், நடுவுல கேள்வி கேக்குற பொண்ணு. எதிர்ல படி படியா நாற்காலி, அதுல ஜனங்க. மூணாவது வரிசையில நான், அம்மா, அண்ணன். எங்க அண்ணன் சட்டைக் காலரை எத்தனை தடவை தூக்கி விட்டுக்கிட்டான்னு கணக்கே இல்ல. அண்ணி ஆஸ்பத்திரிக்குக் கட்டிட்டுப் போற புடவையிலதான் வந்திருந்தாங்க. பட்டு கட்டிக்கோங்கன்னு நான் போட்ட கத்தல் எல்லாம் வீண்.

அந்தப் பொண்ணு எடுத்த எடுப்புலயே, "எது சிறந்தது, புத்தகமா, தொடரா?"ன்னு கேட்டா. அண்ணி யோசிச்சு, ஆஸ்பத்திரியில வழி சொல்ற அதே குரல்ல சொன்னாங்க.

"தொடர்ல பெயிண்ட் கடை வாட்ச்மேனா நடிச்சவர் இருக்காரே, முதலாளி செத்துட்டாருன்னு தெரிஞ்சதும் ஒண்ணும் பேசாம, நனைஞ்ச குடையை மடக்கி மடக்கிப் பார்த்து, மடங்காம, அப்படியே சுவத்துல சாய்ச்சுட்டு உக்காருவாரு. அது என் புத்தகத்துல இல்ல. நான் அந்த ஆளுக்கு ரெண்டு வரிதான் கொடுத்திருந்தேன். அதைப் பார்த்தப்போ எனக்கு வெக்கமா இருந்துச்சு. அடுத்த பதிப்பு வந்தா அந்தக் குடையைத் திருடிக்குவேன்."

ஜனங்க சிரிச்சாங்க. டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டாரு.

"புத்தகத்துல எது மேல்?"

"என் இன்ஸ்பெக்டருக்கு ஜலதோஷம்"னாங்க அண்ணி. "அவ பெரிய ஆளு இல்ல. மூக்கைச் சிந்திக்கிட்டு உக்காந்திருக்கிறவளை யாரும் பொருட்படுத்த மாட்டாங்க. அதனாலதான் அவ முன்னாடி எல்லாரும் கவனம் இல்லாம பேசுறாங்க. கறுப்புக் கண்ணாடி போட்டு வந்தா எல்லாரும் ஜாக்கிரதை ஆயிடுவாங்களே. அந்த மனைவியும் யோசிச்சு 'நாங்க'ன்னுதான் சொல்லியிருப்பா."

அப்புறம் கை தட்டினாங்க பாருங்க, எனக்குக் காது அடைச்சுப் போச்சு. டைரக்டர் தலையில அடிச்சுக்கிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்"னாரு. அண்ணி, "நீங்க கேக்கலையே சார்"னாங்க. அதுல கோபம் துளிகூட இல்ல. எத்தனையோ பேருக்கு வழி சொல்ற மனுஷி, கேட்டாதான் சொல்லிப் பழக்கம்.

கடைசியா அந்தப் பொண்ணு எனக்குப் பயமா இருந்த கேள்வியைக் கேட்டா. "அடுத்து என்ன மேடம் எழுதுறீங்க?"

அந்தப் 'பார்க்கலாம்' வரப் போகுது, ஊரே பார்க்க வரப் போகுதுன்னு கண்ணை மூடிக்கிட்டேன். அம்மா என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"எழுதிக்கிட்டு இருக்கேன். முதல் மூணு அத்தியாயம் முடிஞ்சுடுச்சு"ன்னு அண்ணி குரல் கேட்டுச்சு.

கண்ணைத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்க்கிறான், நான் அண்ணனைப் பார்க்கிறேன். எங்க யாருக்கும் தெரியாம, பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து தட்டியிருக்காங்க.

"ஒரே ஒரு குறிப்பு மட்டும் கொடுங்க. இந்தத் தடவை கொலை பண்றது யாரு?"

அண்ணி இருட்டுல கண்ணைச் சுருக்கி எங்க வரிசையைத் தேடினாங்க. என்னைக் கண்டுபிடிச்சதும் அந்த முகத்துல பழைய வெளிச்சம் அப்படியே வந்துச்சு.

"நாத்தனார்."

கேமரா முதல் எல்லாம் என் பக்கம் திரும்புச்சு. நூறு பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க, கை தட்டுறாங்க. எங்க அம்மா பக்கத்து நாற்காலிக்காரங்ககிட்ட, "இவதான், இவதான் கொலைகாரி, என் பொண்ணுதான்"னு விரலை நீட்டிக் காட்டுறாங்க. நான் எழுந்து நின்னு எல்லாருக்கும் கும்பிடு போட்டேன்.